இரண்டு மார்ட்டின்கள்

இன்று காலை உங்களுக்கு ஒரு புதிய உறவினர் கிடைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் பல் மருத்துவராம். படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார், பற்கள் நன்றாக இருக்கின்றன.

உங்கள் கைப்பேசி எங்கள் சமையல் மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் சார்ஜரில் கிடக்கிறது. வங்கியிலிருந்து ஏதாவது செய்தி வரும், அணைத்துவிட வேண்டாம் என்று எங்கள் மகள் ஈவ்லின் கொடுத்துவிட்டுப் போனாள். தெரேசா சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது அது வெளிச்சம் போட்டது. ரத்த உறவு தேடிக் குழாயில் எச்சில் துப்பி அனுப்பினீர்களே, அந்தக் கம்பெனி உங்களை இன்னும் விடவில்லை. 'வாழ்த்துகள், உங்கள் குடும்பம் வளர்கிறது' என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் போன பிறகு இப்படி அடிக்கடி வளர்கிறது. இருந்தபோது இவ்வளவு வேகமாக வளர்ந்ததாக நினைவில்லை.

தெரேசா கையைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள். "அவுரு மாதிரியே இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி மிக்ஸியைப் போட்டாள்.

விளிக்காமல் மடலைத் தொடங்கிவிட்டேன். மறதி இல்லை. வெகுகாலம் உங்களை 'அண்ணே' என்று கூப்பிட்டேன். பிறகு 'சம்பந்தி' என்று கூப்பிட்டேன். இரண்டில் எதை எழுதினாலும் இன்னொன்று கோபித்துக்கொள்ளும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிரிவுபசாரக் கூட்டங்களில் நீங்கள் மேடையைப் பார்க்காமல் மிக்சர் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். முன்னுரை இல்லாவிட்டால் உங்களுக்கு நஷ்டமில்லை.

நான் டவுன்ஷிப் பள்ளியில் வரலாறு நடத்த வந்து சேர்ந்தபோது, எனக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து வாசலில் ஏற்கெனவே ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. மார்ட்டின் என்று எழுதியிருந்தது. என் பலகையை நான் புதுச்சேரியிலேயே எழுதி வாங்கி வந்திருந்தேன். அதிலும் மார்ட்டின்தான். ஆணி அடிக்கும் சத்தம் கேட்டு வெளியே வந்தீர்கள். லுங்கி, பனியன், முழங்கை வரை கிரீஸ். என் பலகையைப் படித்தீர்கள். திரும்பி உங்கள் பலகையைப் படித்தீர்கள். பெயர் அங்கேயே இருக்கிறதா என்று சரிபார்த்ததுபோல் இருந்தது.

"ஆணி கோணலா போவுது" என்று சுத்தியலை வாங்கி நீங்களே அடித்தீர்கள். நம் அறிமுகம் அவ்வளவுதான். நீங்கள் கோலார் தங்கவயல்காரர், சுரங்கத்தில் மண் வெட்டும் பக்கெட் வீல் இயந்திரத்தைக் கழற்றி மாட்டும் ஃபிட்டர், என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதெல்லாம் பிறகு போகப்போகத் தெரிந்துகொண்டது.

நமக்குள் உறவு ஏற்படுத்தியவர் எதிர் வீட்டு அஞ்சலாட்சி அக்கா. அவருடைய ஊரும் நிலமும் சுரங்கத்துக்குப் போயிருந்தன. அதன் பேரில் கணவருக்கு வேலை கிடைத்து, பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸுக்கு வந்தவர்கள். ஊர் நாலு பக்கமும் சிதறிவிட்டதால், அந்த ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்பதை அவர் ஒருவர்தான் தலைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். டவுன்ஷிப்பிலோ எல்லாரும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒரு சாவு விழுந்தால் தூக்குவதற்குப் பங்காளி என்று ஒருவரும் பக்கத்தில் கிடையாது. அவரால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இப்படி ஊர் ஒன்று இருக்குமா என்று கேட்பார். ஆகவே கிடைத்த இடத்தில் முறை கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் தம்பிக்குப் பக்கத்துப் பக்கத்து வூடு குடுத்திருக்காங்க, பரவால்லியே" என்றார்.

"நாங்க அண்ணன் தம்பி இல்லீங்க்கா. குடும்பப் பேருதான் ஒண்ணு" என்றேன்.

"அதத்தான நானும் சொல்றேன். குடும்பப் பேரு ஒண்ணுன்னா குடும்பம் ஒண்ணுதான? ரெண்டு பேரும் சட்டைக்காரங்க, வெள்ளக்காரன் வழி வந்தவங்க. ஆளும் ஒரே அச்சா இருக்கீங்க."

அச்சைப் பற்றி அவர் சொன்னது முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். வெள்ளைக்காரப் பெயரை வைத்துக்கொண்டு நாம் இருவரும் இங்கே வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியின் நிறத்தில் இருந்தோம். கரி என்றும் சொல்ல முடியாது, மண் என்றும் சொல்ல முடியாது.

அவர் குரலைத் தாழ்த்தி உங்களிடம் கேட்டார். "சண்ட கிண்ட போட்டுகினு பிரிஞ்சவங்களா?"

நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். "இன்னும் போடலீங்க்கா" என்றீர்கள்.

அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகவே வைத்துக்கொண்டு நாம் காலத்தைக் கழித்திருக்கலாம். அடுத்த மழைக்காலத்தில் என் அப்பா இறந்துபோனார். புதுச்சேரியிலிருந்து என்னோடு இருக்க வந்த மனிதர். மூட்டையைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. என் தங்கைகள் பிரான்ஸில் இருந்தார்கள். இங்கேயே கோவில் கல்லறையில் அடக்கம் செய்தோம். முடிந்ததும் இந்தப் பக்கத்து வழக்கப்படி கல்லறைக் கேட்டருகே பங்காளிகள் வரிசையாக நிற்க வேண்டும். கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தொட்டுவிட்டு, பேசாமல் போய்விடுவார்கள். எனக்கு அது தெரியாது. யாரோ நிற்கச் சொன்னார்கள், நின்றேன். என் வரிசையில் நான் மட்டும் இருந்தேன்.

எங்கள் அடக்கத்துக்குப் பெண்களும் வரலாம் என்பதால் அஞ்சலாட்சி அக்கா வந்திருந்தார். கூட்டத்தில் நின்ற உங்கள் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"ந்தா, பெரிய மார்ட்டினு, இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கிற? தம்பி ஒத்தையா நிக்குது பாரு. போ."

நீங்கள் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் வலப்பக்கம் நின்றீர்கள். மூத்தவர் நிற்கும் இடம் அதுதான் என்று யாரும் சொல்லித்தராமல் எப்படித் தெரிந்ததோ. என் அப்பாவோடு நீங்கள் பேசியதெல்லாம் கத்தரிக்காய் விலை பற்றித்தான். ஆட்கள் வந்து உங்கள் கையைத் தொட்டார்கள், பிறகு என் கையைத் தொட்டார்கள். உங்கள் ஃபோர்மேன் வந்தபோது வழக்கத்தை மீறி வாயைத் திறந்து, "உனக்கு யாருப்பா?" என்றார்.

"சித்தப்பா" என்றீர்கள்.

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நான் உங்களை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதற்கு எந்த விழாவும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நன்றாக இருந்த வருடங்களைப் பற்றி யாரிடமும் அதிகம் இருக்காது. உங்கள் மனைவி டெரிக்கைப் பெற்றுக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். குழந்தையை அவர் வீட்டார் தங்கவயலுக்குத் தூக்கிப் போனார்கள். முழு ஆண்டு விடுமுறைக்கு மட்டும் இங்கே வருவான். என்னைச் சித்தப்பா என்பான். ஈவ்லின் உங்களைப் பெரியப்பா என்பாள். செகண்ட் ஷிஃப்ட் இல்லாத நாள்களில் நீங்கள் எங்கள் பின்கதவு வழியாகத்தான் உள்ளே வருவீர்கள். பனியனோடு வந்து, சட்டியைத் திறந்து பார்த்து, "நேத்து கொழம்பு இருக்கா?" என்பீர்கள். இன்றைய குழம்பு இருந்தாலும் நேற்றையதைத்தான் கேட்பீர்கள். தெரேசா திட்டிக்கொண்டே போடுவாள். அண்ணன் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த விளக்கம் அவ்வளவே.

டெரிக்கும் ஈவ்லினும் படித்து முடித்துச் சென்னையில் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள். ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஈவ்லின் வந்து, பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். நான் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"அவன் பெரியப்பா மவன்டி" என்றாள் தெரேசா.

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரும்மா?"

தெரேசா ஜன்னல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்தாள்.

நான் எழுந்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் டேபிள் ஃபேனைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்திருந்தீர்கள். டெரிக் உங்களுக்கும் போனில் சொல்லிவிட்டிருந்தான் என்பது திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு திருகாமல் உட்கார்ந்திருந்ததிலேயே தெரிந்தது.

"தம்பி, நாம நெசமாவே அண்ணன் தம்பியா?"

"தெரியல அண்ணே."

"நீ ஹிஸ்டரி வாத்தியார்தானய்யா?"

"அது மத்தவங்க ஹிஸ்டரி."

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, நீங்களும் சிரிக்கவில்லை. இல்லை என்று அடித்துச் சொல்ல நம் இருவருக்கும் வாய் வரவில்லை. முதல் நாள் இல்லையென்று சொன்னவன் நான்தான். ஆனால் இத்தனை வருடம் சித்தப்பா, பெரியப்பா என்று புழங்கிய பிறகு, எங்காவது ஒரு பாட்டனாரிடம் இரண்டு குடும்பமும் ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்குமோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. பங்குச் சாமியாரிடம் கேட்டோம். பெயர் ஒன்றாக இருப்பதைத் திருச்சபை குற்றமாகப் பார்ப்பதில்லை, நான்கு தலைமுறைக்குள் ரத்த உறவு இல்லாவிட்டால் போதும் என்றார். அந்த நான்கு தலைமுறையைப் பற்றித்தான் நமக்கு ஒன்றும் தெரியாது.

"பசங்க ஓடிப்போய்க் கட்டிக்கலாம்" என்றீர்கள். "ஆனா நாளைக்கு இந்தத் தெருவுல தல நிமிந்து வரணும்ல. அண்ணன் தங்கச்சின்னு ஒரு வாய் பேசினாக்கூட அந்தப் பொண்ணு தாங்காது. கழட்டிப் பாத்துடலாம் தம்பி. எந்த போல்ட்டு எந்த மிஷின்து, தெரிஞ்சிடும்."

அப்படித்தான் இரண்டு மார்ட்டின்களையும் கழற்ற ஆரம்பித்தீர்கள். அந்தக் கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் நாம் இருவரும் ஒருவருக்கொருவர் யாருமில்லை என்று ஆக வேண்டும். ஓய்வு பெறப் போகும் வயதில் ஒருவர் இவ்வளவு உற்சாகமாக ஒரு வேலையில் இறங்கி நான் பார்த்ததில்லை.

முதலில் தங்கவயலுக்குப் போனோம். தைல மரங்களுக்கு நடுவில் பழைய வெள்ளைக்காரக் கல்லறை. உங்கள் சொந்தக்காரர் ஒருவர் காட்டிய மூலையில் முள்ளை விலக்கி, ஒரு கல்லைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தீர்கள். இயந்திரத்தில் வார்ப்பு எண் தேடுகிறவர் கை அது. எழுத்து மெல்ல வந்தது. மார்ட்டின், சுரங்கத் தொழிலாளி, சொந்த ஊர் கார்ன்வால். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் தகரச் சுரங்கங்கள் நின்றுபோனபோது அங்கிருந்து தங்கவயலுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள் என்று நான் வாத்தியார் பாணியில் விளக்கினேன்.

"அங்கயும் குழி, இங்கயும் குழி, நானும் குழி" என்றீர்கள். "வேற வேலையே தெரியல பாரு எங்காளுங்களுக்கு."

பிறகு புதுச்சேரி. என் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா பிரெஞ்சு சிப்பாய் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பிரான்ஸில் எந்த இடம் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கல்லறையில் அவர் பெயரைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். குடும்பக் கல் என்று நாங்கள் வருடா வருடம் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தது வேறு யாருடையதோ. அதைப் பற்றி அந்தக் குடும்பம் புகார் சொன்னதில்லை. சரியான கல்லில் பிரிட்டனி என்று இருந்தது, பிரான்ஸின் வடமேற்கு மூலை. நீங்கள் அங்கேயே உட்கார்ந்து கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தீர்கள். கார்ன்வால் மேலே, பிரிட்டனி கீழே. நடுவில் கொஞ்சம் கடல்.

"அடப்பாவி, எதுருவூடு" என்றீர்கள்.

"எதிர் வீடுதான். ஆனா ரெண்டு நாடும் ஆகாது. இந்தக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல உங்காளுங்களும் எங்காளுங்களும் மாத்தி மாத்திச் சுட்டுக்கிட்டாங்க."

"உங்க தாத்தாவை எங்க தாத்தா சுட்டிருப்பாரா?"

"குறி தப்பியிருக்கும். அதான் நான் இருக்கேன்."

அப்போது சிரித்தீர்கள். சிரித்து முடித்துவிட்டுக் கல்லின் கீழ்ப்பக்கத்தைத் தேய்த்தீர்கள். 'அவர் மனைவி மேரி' என்று இருந்தது. அவ்வளவுதான். தங்கவயல் கல்லிலும் கீழே அவர் மனைவி மேரிதான்.

"இந்தம்மா ஊரு போடல" என்றீர்கள்.

"போட மாட்டாங்க. இந்தப் பக்கத்து அம்மாவா இருக்கும்."

"எந்த ஊருன்னு யாருக்குமே தெரியாதா?"

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

பேருந்தில் வரும்போது நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். வெளியே கரும்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

இரண்டு கல்லும் அஞ்சலாட்சி அக்காவுக்குப் போதவில்லை. நீங்கள் கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டி விளக்கினீர்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இம்மாம் கிட்டக்க கீற கரை. இந்தக் கரையில அண்ணன் இருந்துகினு, தம்பி பொழப்புக்கு அந்தக் கரைக்குப் போயிருக்கக் கூடாதா? எங்க ஊர்க்காரங்க போவல? ஒரு வூடு மந்தாரக்குப்பத்துல கீது, ஒரு வூடு விருத்தாசலத்துல கீது. நாளைக்கு ரெண்டும் வேற வேறன்னுவியா?"

இரண்டாயிரம் பக்க வரலாற்று நூல்களில்கூட நான் இவ்வளவு நேரான மறுப்பைப் படித்ததில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் எதிர்க்கட்சியான அக்காவின் பக்கம் சாய்ந்திருந்தேன் என்று நினைக்கிறேன். அப்போது எனக்கே அது தெரியவில்லை.

கடைசியில் எச்சில்தான் தீர்த்துவைத்தது. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் உங்கள் தங்கை ஊருக்கு வந்தபோது மரபணுச் சோதனை டப்பா இரண்டு வாங்கி வந்தார். குழாயில் கோடு வரை எச்சில் துப்பி மூட வேண்டும். நீங்கள் சட்டென்று துப்பிவிட்டீர்கள். எனக்கு வரவில்லை. தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்போது யாருக்கு வரும். "புளியங்காயை நெனச்சிக்க தம்பி" என்று அஞ்சலாட்சி அக்கா எதிர் வீட்டிலிருந்தே வழிகாட்டினார். உங்கள் தங்கை இரண்டையும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. அவர்கள் கணக்குக்கு எட்டிய தலைமுறை வரை நமக்குள் ரத்த உறவு எதுவும் இல்லை. உங்கள் கார்ன்வாலும் என் பிரிட்டனியும் தனித்தனியாக, சிறிய சிறிய துண்டாக வந்திருந்தன. மீதி எல்லாம் இந்தப் பக்கத்து மண்தான். ஊர் போடாத மேரிகள். பெயர் மட்டும் சிப்பாயுடையதாகவும் சுரங்கக்காரனுடையதாகவும் இருந்தது; உடம்பு அவர்களுடையதாக இருந்தது. நாம் அதைத் தேடிப் போகவில்லை என்பதால் அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டோம்.

நீங்கள் நேராகத் தெருவைக் கடந்து போய் அறிவித்தீர்கள். "அக்கா, நாங்க பங்காளி இல்லக்கா. முடிவு வந்துட்ச்சி."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "இத்தினி வருசம் துப்பாமயே பங்காளியா இருந்தீங்க. இப்பத் துப்பிட்டு இல்லன்றீங்க. சரி. பசங்க நல்லா இருந்தா சரி."

திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. நான் வாழ்த்துச் சொன்னேன். எதற்கு வாழ்த்து என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும்போது முதன்முதலாக நீங்கள் எனக்கு எதிரில் உட்கார்ந்தீர்கள். அதுவரை எந்தச் சடங்கிலும் நாம் ஒரே பக்கம்தான். தட்டை நீட்டி, "வாங்கிக்குங்க சம்பந்தி" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. நானும் வாங்கிக்கொண்டு, "நீங்களும் வாங்கிக்குங்க சம்பந்தி" என்றேன். கல்யாணம் நன்றாக நடந்தது. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஈவ்லின் உங்களை மாமா என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள். இரண்டொரு தடவை தவறியது, பிறகு சரியாகிவிட்டது.

சம்பந்தி ஆன பிறகு நீங்கள் பின்கதவு வழியாக வரவில்லை. வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பெண் கொடுத்த வீட்டுக்கு அப்படி வரலாகாது என்று உங்களுக்கே தோன்றிவிட்டது. முன்வாசலில் நின்று இருமுவீர்கள். தெரேசா அவசரமாகக் கூடத்தைக் கூட்டுவாள். காப்பி தட்டில் வரும். நேற்றைய குழம்பு இருப்பது தெரிந்தாலும் நீங்கள் கேட்க முடியாது, நாங்களும் போட முடியாது. சம்பந்திக்குப் பழைய குழம்பு போட்ட வீடு என்று ஆகிவிடும். ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூருக்குப் போன பிறகு வருகையும் குறைந்தது. ஒருமுறை வந்தபோது கழுத்துப் பட்டனைத் தளர்த்திக்கொண்டு மெதுவாகச் சொன்னீர்கள்:

"சம்பந்தியா இருக்கறது ரொம்பக் கஷ்டம்யா. வரும்போதெல்லாம் சட்டை போட்டுகினு வரணும்."

நான் "சட்டைக்காரங்கதானே" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, போய்வருகிறேன் என்று முறையாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

போன வருடம் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தபோது வடலூர்ப் பக்கத்து வீட்டுக்காரர் என்னைத்தான் கூப்பிட்டார். கடலூருக்குத் தூக்கிப் போனோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே என்னை நிறுத்தினார்கள். சின்ன வயது நர்ஸ் ஒரு பெண் வந்தாள்.

"நீங்க அவருக்கு யாருங்க?"

"சம்பந்தி."

"ரத்த சொந்தம் யாராச்சும் இருக்காங்களா? ஒருத்தரதான் உள்ள வுடுவோம்."

இல்லை என்று நிரூபித்திருக்கிறோம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண் என்ன செய்வாள். பையன் சென்னையிலிருந்து வந்துகொண்டிருக்கிறான் என்றேன். கண்ணாடி வழியாக உங்கள் உள்ளங்கால்கள் தெரிந்தன. டெரிக் வந்து உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "மாமா" என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மளமளவென்று காரியத்தைப் பார்த்தேன். டவுன்ஷிப் கல்லறையில் இடம் கேட்டேன். சாமியானா, நாற்காலி, வந்தவர்களுக்கு டீ, பெட்டி, வண்டி, எல்லாம் நான்தான். சம்பந்தி வீட்டுக் கோடித்துணியை முறைப்படி தட்டில் வைத்துக்கொண்டு வந்து போர்த்தினேன். உங்கள் தங்கை பெர்த்திலிருந்து யாரோ பிடித்த கைப்பேசியில் அழுதுகொண்டிருந்தார். வெயில் முகத்தில் படாமல் நிழலில் பிடிக்கச் சொன்னதும் நான்தான்.

அடக்கம் முடிந்து, கேட்டருகே டெரிக் போய் நின்றான். கையை நீட்டினான். அவன் வரிசையில் அவன் மட்டும் இருந்தான்.

நான் இன்னொரு வரிசையில், தொட்டுவிட்டுப் போகிறவர்களின் வரிசையில் நின்றேன். சம்பந்திக்கு உரிய இடம் அதுதான். முன்னால் உங்கள் பழைய ஷிஃப்ட் ஆட்கள் போனார்கள். பிறகு வடலூர்க்காரர்கள். என் முறை வந்தது. தொட்டேன். டெரிக்கின் கை ஈரமாக இருந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு இடப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தான். அவனுக்கு வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விழுந்தது. எனக்காக நகர்ந்தானா, வெகுநேரம் நின்று கால் மரத்துப்போய் நகர்ந்தானா என்று நான் இதுவரை அவனிடம் கேட்கவில்லை. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். நான் பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

சாலையோரத்தில் அஞ்சலாட்சி அக்கா நின்றிருந்தார். முட்டிவலி, ஆட்டோவில் வந்திருந்தார்.

"ஏன் தம்பி, அந்தப் புள்ள பக்கத்துல நின்னா இன்னா?"

"சம்பந்தி நிக்கக் கூடாதேக்கா."

"யாரு சொன்னா?"

"நீங்கதானக்கா. பங்காளிதான் நிக்கணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. அண்ணன் தம்பின்னும் நீங்கதான் சொன்னீங்க. அப்பறம் இல்லன்னு ஆயிட்ச்சி."

அவர் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி உட்கார்ந்தார். சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் அன்னிக்கி ஒரு பேச்சுக்குச் சொன்னது தம்பி. வச்சிகினு இருந்தது நீங்க ரெண்டு பேருதான?"

ஆட்டோ கிளம்பிவிட்டது. எனக்குப் பின்னால் வரிசை இன்னும் முடியவில்லை, திரும்பிப் போயிருக்கலாம். நான் சாமியானாக்காரரைப் பார்க்கப் போனேன்.

சம்பந்தி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். வடலூரில் இப்போதும் சொல்கிறார்கள். உங்கள் சாவில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. மறுக்கவில்லை, அந்த முறையில் செய்ய வேண்டியது எதையும் நான் குறை வைக்கவில்லை. கூடப் பிறந்தவனைப்போல் ஒருவன் செய்ய வேண்டியது மட்டும் செய்யாமல் அப்படியே நிற்கிறது. அழுவதும் அதில் ஒன்று. உங்களுக்காக நான் இன்னும் அழவில்லை. தெரேசா ஒருநாள் கேட்டாள், வரவில்லை என்றேன். வந்தால் எந்த உரிமையில் அழுவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அந்த யோசனையில் அது போய்விடும். பள்ளிக்குப் போகிறேன், போர்களை நடத்துகிறேன், வருகிறேன். அழாத அந்த அழுகை என்னோடு வருகிறது.